தரையில் தெரிந்த பச்சைக் கோடு

போலீஸ் அதிகாரி ஹார்ம் மேசைமேல் வைத்த கண்ணாடிக் குப்பியை டாக்டர் ரென்ஸ்கே திறந்தார், ஒரு முறை முகர்ந்தார், உடனே மூடிவிட்டார். பரிசோதனை அதோடு முடிந்தது. ஹார்முக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம், தடயவியல் மருத்துவர் வெட்டியெடுத்து முத்திரை வைத்துக் கொடுத்த தோல் துண்டை, மழையில் நனையாமல் கோட்டுக்குள் ஒளித்து சைக்கிளில் கொண்டுவந்திருந்தார்.

“இதை யாரு ஃபார்மலின்ல போட்டது?” என்று கேட்டார் ரென்ஸ்கே.

“நாங்க எல்லாத்தையும் அதுலதான் போடுவோம், டாக்டர். கெட்டுப்போகக் கூடாதில்ல.”

“கெட்டுப்போகல,” என்றேன் நான். “வினிகர்ல ஊறின ஹெர்ரிங் மீன் மாதிரி ஜம்முனு இருக்கு. என்ன, நாங்க தேடற ஆள் மட்டும் அதுலயே செத்துட்டான்.”

ரென்ஸ்கே என்னைப் பார்த்த பார்வையில் ‘வாயை மூடு’ என்பதும் ‘சொன்னது சரிதான்’ என்பதும் சேர்ந்தே இருந்தன. பல வருஷமாக அந்தப் பார்வையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. என் பெயர் மென்னோ. க்ரோனிங்கன் நகரில், கொப்புளம் போடும் தோல் நோய்களை மட்டும் ஆராயும் ஒரு சின்ன ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளன். மற்ற துப்பறிவாளர்கள் மனிதர்களைப் பின்தொடர்வார்கள். நாங்கள் புரதங்களைப் பின்தொடர்கிறோம். சம்பளம் குறைவு, ஆனால் துரத்தும்போது மூச்சு வாங்காது.

ஹார்ம் கொண்டுவந்த வழக்கு இது. வடக்கே கடலணையை ஒட்டிய ஊஸ்டர்ஸைல் கிராமத்தில் ஏல்கோ வீரிங்கா என்று ஒருவர், தூர்வாரும் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி ஃப்ரௌகேவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மிச்சமிருப்பது ‘இல்லை’ என்ற ஒரே சொல். பசிக்கிறதா என்றாலும் இல்லை, பசிக்கவில்லையா என்றாலும் இல்லை. ‘உங்கள் கணவர் சுட்டாரா?’ என்று போலீஸ் கேட்டபோதும் அதே பதில்தான், அதை வைத்து யார் என்ன செய்ய முடியும்?

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை வாருவது எல்லாம் ஏல்கோதான். வாராவாரம் வரும் நர்ஸ் ஒரு நாள் ஃப்ரௌகேயின் தொடையிலும் வயிற்றிலும் கோலிக்குண்டு அளவில் கொப்புளங்களைப் பார்த்திருக்கிறார். வெந்நீர் ஊற்றிய மாதிரியே இருந்ததாம். புகார் போனது. தடயவியல் மருத்துவர் வந்து, இருப்பதிலேயே பெரிய கொப்புளத்தின் நடுவில் ஒரு துண்டு எடுத்தார். சுட்ட காயத்தோடு ஒத்துப்போகிறது, தோல் நோய்க்கான அடையாளம் ஏதுமில்லை என்று எழுதிவிட்டார். ஃப்ரௌகேவை நகரத்துப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். ஏல்கோ அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. வெள்ளிக்கிழமை நீதிபதி முன் விசாரணை. அதற்குள் வேறு எதுவும் தெரியவராவிட்டால் தடை நிரந்தரமாகும், மனிதர் தன் மனைவியை இனிமேல் பார்க்கவே முடியாது.

பிறகு ஹார்ம் ஏன் எங்களிடம் வந்தார்? அவருக்குள் ஒரு உறுத்தல். ஃப்ரௌகேயின் வாய்க்குள்ளும் புண் இருந்தது. சூடாகத் தேநீர் கொடுத்திருப்பான் என்று மேலதிகாரி முடித்துவிட்டார். கணவரைத் தடுத்த பிறகும் கையில் ஒரு புதுக் கொப்புளம் வந்தது. பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் இல்லத்து நர்ஸ்கள். ஒவ்வொரு கொப்புளத்துக்கும் ஒரு காரணம் கைவசம் தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்குமோ என்று யாரும் யோசிக்கவில்லை.

பராமரிப்பு இல்லத்துக்குக் காரில் போகும்போது ஹார்முக்கு நான் பாடம் எடுத்தேன். தோல் என்பது இரண்டு அடுக்கு வீடு. மேலடுக்கைக் கீழடுக்கோடு ஒட்டிவைப்பவை சில புரதங்கள், அவைதான் பசை. உடம்புக்குள்ளேயும் காவல் படை உண்டு. கிருமியைப் பிடிக்க வேண்டிய அந்தப் படை சில சமயம் தன் சொந்தப் பசையையே திருடன் என்று நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிடும். பசை விட்டுப்போன இடத்தில் தண்ணீர் கோத்துக்கொண்டு கொப்புளமாகும்.

“ஆக, உள்ளேயும் போலீஸ் நிரபராதியப் புடிச்சு அடிக்குதுங்கற,” என்றார் ஹார்ம்.

“நீங்களே சொன்னா எனக்கு மரியாதை,” என்றேன்.

ஃப்ரௌகேயின் அறையில் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. நர்ஸ் போர்வையை விலக்கினார். கட்டைப் பிரித்தபோது அதோடு தோலும் நனைந்த காகிதம்போல வந்தது. அந்த அம்மாள் சத்தம் போடவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.

ரென்ஸ்கே எந்தக் கொப்புளத்தையும் தொடவில்லை. அதற்கு இரண்டு விரல் தள்ளி, ஒரு கீறல்கூட இல்லாத நல்ல தோலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு வட்டத்தை எடுத்து உப்புநீர்க் குப்பியில் போட்டார். ஹார்ம் பதறிவிட்டார். காயத்தை விட்டுவிட்டு, காயமே இல்லாத இடத்தில் எடுத்தால் நீதிபதி சிரிப்பாரே என்றார்.

“இடிஞ்ச வீட்டுல யாரு இருந்தாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்றார் ரென்ஸ்கே. “பசையும் போச்சு, அதப் புடிச்சிருந்த கையும் போச்சு. இன்னும் இடியாத பக்கத்து வீட்டுலதான் ஆள் மாட்டுவான். உங்க டாக்டர் காயத்தோட நடுவுல எடுத்தார், அவர் தொழிலுக்கு அது சரி. கத்திக்குத்துன்னா நானும் அங்கதான் எடுப்பேன். அப்புறம் ஃபார்மலின்ல போட்டு மிச்சத்தையும் அழிச்சிட்டார்.”

மறுநாள் இருட்டறையில் நுண்ணோக்கியின் கீழே அந்தத் துண்டைப் பார்த்தோம். காவல் படை எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் பச்சையாக ஒளிரும் சாயம் பூசியிருந்தேன். இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில், பேனாவால் இழுத்ததுபோல மெல்லிய பச்சைக் கோடு ஒன்று ஓடியது. வெந்நீர் ஊற்றினால் அந்தக் கோடு வராது. ஏல்கோ எதையும் ஊற்றவில்லை, அவர் மனைவியின் உடம்பே தன்னைத்தானே உரித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த கேள்வி, பசைகளில் எந்தப் பசை? அதற்கு எங்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. அறுவைச் சிகிச்சையில் மிஞ்சிய ஆரோக்கியமான தோலை உப்புநீரில் ஊறவைத்தால் இரண்டு அடுக்கும் தாமாகப் பிரிந்துகொள்ளும். செயற்கையாக ஒரு கொப்புளம் தயார். அதன்மேல் ஃப்ரௌகேயின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரை விட்டோம். இந்த நோய்க்காரர்கள் பெரும்பாலோருக்குப் பச்சைக் கோடு கொப்புளத்தின் கூரையில், அதாவது மேலடுக்குப் பக்கம் ஒட்டும். ஃப்ரௌகேவுக்குத் தரையில், கீழடுக்குப் பக்கம் ஒட்டியிருந்தது.

“தரையா?” என்று கேட்டுவிட்டு ரென்ஸ்கே என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்கு அது அப்போது விசித்திரமாகப் படவில்லை.

நான் கதவைத் திறந்து வெளியே வந்தால் ஹார்ம் நின்றுகொண்டிருந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோடு கிடைத்துவிட்டது, உங்கள் ஆள் நிரபராதி என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்.

“வழக்கு முடிஞ்சுது. இன்னைக்குக் காலையில ஏல்கோ ஒத்துக்கிட்டார். குளிப்பாட்டும்போது தண்ணி கொதிச்சிருந்தது, கவனிக்கலன்னு கையெழுத்துப் போட்டுட்டார்.”

நான் ரென்ஸ்கேயைப் பார்த்தேன். எங்கள் பச்சைக் கோடு பொய் சொல்லுமா என்று கேட்டேன். அவர் கார் சாவியை எடுத்தார்.

ஊஸ்டர்ஸைல் வரை காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது. ஏல்கோ கதவைத் திறந்தார். பெரிய உருவம், சவரம் செய்யாத முகம். எங்களைக் கண்டதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, ஒப்புக்கொண்டாயிற்றே, இனி என்ன வேண்டும் என்பதுதான். குளியலறையைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார் ரென்ஸ்கே. ஏல்கோ தயங்கினார். தயங்கியதை ஹார்மும் கவனித்தார்.

“மென்னோ, சட்டைக் கைய மடி,” என்றார் ரென்ஸ்கே. “குழாய்ல சூட்டை எவ்வளவு தூரம் திருப்ப முடியுமோ திருப்பு. கொதிக்கறப்ப சொல்லு.”

திருப்பினேன். கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வெதுவெதுவென்று வந்தது. இன்னும் நின்றேன். அதே வெதுவெதுப்பு.

“டாக்டர், இதுல குழந்தையக் குளிப்பாட்டலாம்,” என்றேன். “முட்டை கூட வேகாது.”

ரென்ஸ்கே குழாயைக் காட்டினார். இந்த வகைக் குழாயில் சூட்டைக் கூட்ட வேண்டுமானால் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தித்தான் திருப்ப வேண்டும். இதில் அந்தப் பொத்தானே இல்லை. யாரோ அரத்தால் ராவி மட்டமாக்கிவிட்டிருந்தார்கள். அந்த இடம் துருவேறிப் பழசாக இருந்தது. தெரியாமல்கூட யாரும் மனைவிமேல் சூடான தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது என்று, அவருக்குப் பக்கவாதம் வந்த புதிதில் ஏல்கோவே செய்த வேலை. ஹார்மின் ஆட்கள் இந்தக் குளியலறையை நாலு பக்கமும் படம் எடுத்திருக்கிறார்கள். குழாயைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹார்ம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று ரென்ஸ்கே கேட்டபோது ஏல்கோ ஈரமான அந்த ஓட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வக்கீல் சொன்னார். விபத்துன்னு ஒத்துக்கிட்டா, வாரத்துக்கு ஒரு தடவ, யாராவது காவலுக்கு நிக்க, பாக்க விடுவாங்கன்னு. இல்லன்னு சாதிச்சா அதுவும் கிடையாதாம். அவளுக்குத் தலைய இந்தப் பக்கமா வாரினாதான் புடிக்கும். அங்க யாருக்கு அது தெரியும்? நான் அவளப் பாக்கணும், டாக்டர். அதுக்கு என்ன எழுதித் தரச் சொன்னாலும் எழுதித் தருவேன்.”

ரென்ஸ்கே அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். ஃப்ரௌகே சமீபத்தில் இளைத்திருக்கிறாரா? கோடையிலிருந்தே உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, ஊக்கு குத்தித்தான் மாட்டிவிடுகிறேன் என்றார் ஏல்கோ. புண்ணான வாயோடு சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நர்ஸ் சொன்னாராம். அதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்திருக்கிறது.

காரில் ஏறியதும் ஹார்ம் போனை எடுத்தார். பச்சைக் கோட்டையும் குழாயையும் சொன்னார். கொஞ்ச நேரம் எதிர்முனையில் பேசினார்கள், பிறகு ஹார்ம் திரும்பி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும், வாக்குமூலம் செல்லாது, வெள்ளிக்கிழமை காலையில் தடை நீங்கிவிடும். நான் ஊர் எல்லைக் கடையில் காரை நிறுத்தச் சொல்லி, பொரித்த முட்டை உருண்டை மூன்று வாங்கிவந்தேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து நாங்கள் ஒரு மனிதனைப் பொய்ப் பழியிலிருந்து காப்பாற்றியதில்லை. கொண்டாட வேண்டாமா? ரென்ஸ்கே தன் பங்கைத் தொடவில்லை.

ஆய்வகத்துக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உறைபெட்டியைத் திறந்தார். ஆளை விடுவித்தாயிற்று, இன்னும் எந்தப் பசை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, வீட்டுக்குப் போகலாமே என்றேன்.

“தரையில முக்கியமா ரெண்டு பேர் குடியிருக்காங்க, மென்னோ. அதுல யாருன்னு தெரிஞ்சுதான் ஆகணும். யாரா இருந்தாலும் குடுக்கற மாத்திரை ஒண்ணுதான். இது மாத்திரைக்காக இல்ல.”

அந்த உறைபெட்டியின் கடைசித் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இருப்பவை ஆரோக்கியமான தோல்கள் அல்ல. பிறக்கும்போதே ஏதோ ஒரு பசை இல்லாமல் பிறந்தவர்களின் தோல். ஒன்று, நகரில் நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுடையது. அவர் தோலில் கொலாஜன் ஏழு என்ற பசை கிடையாது. சட்டைத் தையல் உரசினாலே புண்ணாகிவிடும். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் வந்து ஒரு துளி தோல் தருவார், என்னைப் பார்த்து ரத்தக்காட்டேரி என்பார். இன்னொன்று லாமினின் என்ற பசை இல்லாமல் பிறந்த ஒரு குழந்தையுடையது. அது தவழக்கூட இல்லை, அதற்குள் போய்விட்டது. வேறு யாருக்காவது உதவட்டும் என்று அதன் பெற்றோர் சம்மதித்துக் கொடுத்தது. அந்தப் பெட்டியை எடுக்கும்போது மட்டும் நான் ஜோக் அடிப்பதில்லை.

எங்கள் துப்பு வேலையிலேயே புத்திசாலித்தனமானது இந்தச் சோதனைதான். தாக்கப்படும் பசையைத் தேடி அது இருக்கும் வீட்டுக்குப் போவதில்லை, அது இல்லாத வீட்டுக்குப் போகிறோம். ஃப்ரௌகேயின் தெளிநீரை இரண்டு தோலிலும் விட வேண்டும். அதில் இருக்கும் காவல் படை தன் இலக்கு இருக்கும் தோலில் ஒட்டிக்கொண்டு ஒளிரும். இலக்கே இல்லாத தோலில் ஒட்ட எதுவும் இருக்காது, இருட்டாகவே இருக்கும். எந்தத் தோல் இருண்டதோ, அதில் எது இல்லையோ அதுதான் இலக்கு.

நூலகப் பெண்ணின் தோலை முதலில் வைத்தேன். பச்சைக் கோடு பளிச்சென்று எரிந்தது. ஆக, இலக்கு கொலாஜன் இல்லை. அடுத்தது குழந்தையின் தோல். கண்ணை நுண்ணோக்கியில் வைத்துத் தேடினேன். தகட்டை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். ஒன்றும் இல்லை, முழு இருட்டு.

“லாமினின்,” என்றேன். “பிடிச்சாச்சு.”

ரென்ஸ்கே நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு முகம் வெளுத்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தரையில் கோட்டைப் பார்த்த நேரத்திலிருந்தே அவருக்கு இந்தப் பெயர் மனதில் இருந்திருக்கிறது. தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார், அதனால்தான் முட்டை உருண்டையும் இறங்கவில்லை.

“இந்தப் பசைய உடம்பு தாக்குதுன்னா, மூணு நாலு பேர்ல ஒருத்தருக்கு உள்ள எங்கயோ ஒரு கட்டி ஒளிஞ்சிருக்கும்,” என்றார். “புத்துநோய்க் கட்டிங்க சிலது இதே பசையத் தானும் சுரக்கும். காவல் படை கிளம்பினது அதைப் பாத்துட்டுத்தான்னு நினைக்கிறோம், நிச்சயமா யாருக்கும் தெரியாது. தோல் சும்மா வழியில மாட்டிக்கிட்டது. ஸ்கேனுக்கு எழுதறேன்.”

நாலு பேரில் மூன்று பேருக்கு இருக்காதே என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். ஊக்கு குத்தின உடுப்பை அவர் நினைவுபடுத்தினார். வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். இடது நுரையீரலில் வால்நட் கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. பரவியிருக்கிறதா, வெட்டி எடுக்க முடியுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

வெள்ளிக்கிழமை காலையில் பராமரிப்பு இல்லத்தின் தாழ்வாரத்தில் நாங்கள் மூவரும் காத்திருந்தோம். ஹார்ம் வரவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வந்திருந்தார். நல்ல சேதி உள்ளவர்கள்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஏல்கோ சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு பெரிய கேக் பெட்டியோடு வந்தார். நர்ஸ்களுக்கும் சேர்த்து வாங்கினாராம், புகார் கொடுத்த நர்ஸுக்கும் ஒரு துண்டு தனியாகக் கொடுத்தனுப்பச் சொன்னார். அவர்மேல் கோபமில்லையாம். எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கவே முடியவில்லை.

ரென்ஸ்கே அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. ரென்ஸ்கே சுற்றி வளைப்பவர் அல்ல. நீங்கள் உங்கள் மனைவியைச் சுடவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது என்றார். அதே பரிசோதனைதான் இன்னொன்றையும் காட்டியது என்று சொல்லி, நுரையீரலில் இருப்பதைச் சொன்னார். தெரிந்ததையும் சொன்னார், தெரியாததையும் சொன்னார்.

ஏல்கோ கேக் பெட்டியை என் கையில் கொடுத்தார். கதவுப் பக்கம் திரும்பினார்.

“நான் எழுதிக் கொடுத்தது அப்படியே நின்னிருந்தா?”

“யாரும் மேல தேடியிருக்க மாட்டாங்க,” என்றார் ரென்ஸ்கே.

அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

“நீங்க சொன்னதுல முதல் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும், டாக்டர். அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்கெல்லாம் இவ்வளவு நாள் ஆச்சு. ரெண்டாவதை அவகிட்ட நான்தான் சொல்லணும், வேற யாரும் சொல்லக் கூடாது. இப்பவாவது என்னை உள்ள விடுவீங்களா?”

கதவை மறித்தாற்போல நின்றுகொண்டிருந்தது ஹார்ம்தான். அவர் நகர்ந்து வழி விட்டார்.